ரெம்பிராண்ட்டின் சின்ன எச்சிங்குகள்: பதிப்போவியம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் செய்த சாமானிய மனிதர்களின் எச்சிங்குகளை, அதாவது செம்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசிக் காகிதத்தில் அச்சடித்த படங்களைப் பற்றி ஓவிய மாணவர்களிடம் பேச இருக்கிறேன். 1635-இல் செய்த அப்பம் சுடும் கிழவி என்னை விடவே மாட்டேன் என்கிறாள். ஏறக்குறைய 11 செ.மீ. உயரம்தான்; அதற்குள் அடுப்பு, சுற்றி நிற்கும் பிள்ளைகள், நாயிடமிருந்து தன் அப்பத்தைக் காப்பாற்றப் போராடும் ஒரு பொடியன்! 1630-இல் மேட்டில் உட்கார்ந்து கையேந்தும் பிச்சைக்காரனுக்கோ தன் முகத்தையே கொடுத்துவிட்டார். (அவருடைய பெரிய எண்ணெய் ஓவியங்களைவிட எனக்கு இவைதான் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.)

இனி கேள்வி. அமிலம் அரித்த கோட்டையும், தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறிய டிரைபாயின்ட் கோட்டையும் அச்சில் எப்படிப் பிரித்தறிவது? கீறலின் ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு கோட்டை வெல்வெட் மாதிரிக் காட்டும், சில அச்சுகளிலேயே தேய்ந்துவிடும் என்பது வரை படித்திருக்கிறேன். அவர் இறந்த பிறகும் பாரிஸில் அந்தத் தகடுகளைச் செப்பனிட்டு அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பிந்தைய அச்சுகளை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? லென்ஸ் போதுமா? ஆம்ஸ்டர்டாமில் அவர் வாழ்ந்த வீடான ரெம்பிராண்ட் இல்ல அருங்காட்சியகத்தில் இவற்றை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.