1968 மஹிந்திரா சிஜே-3பி: ஸ்டியரிங் ஷாஃப்ட் மாற்ற வேண்டும், எது பொருந்தும்?

கோத்தகிரி ஜீப்
வணக்கம். வண்டி வலப்பக்க ஸ்டியரிங். சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டியரிங் வீல் விளிம்பு 3 அங்குலம் சும்மா ஆடுகிறது. ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள குழாயின் அடிப்பகுதி துருவில் ஓட்டையாகிவிட்டது. பழைய முழு செட் வாங்கலாமா, ஷாஃப்ட்டை வெட்டிப் புதுத் துண்டு வெல்டு வைக்கலாமா, இல்லை வேறு வண்டியின் மடங்கும் (மோதினால் சுருங்கும்) ஷாஃப்ட்டை யுனிவர்சல் ஜாயின்ட் (கோணத்தில் சுற்றும் இணைப்பு) போட்டு மாட்டலாமா? வாரம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டிய வண்டி.

ராஸ் பாக்ஸ்
வெல்டு யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள் சார். ஹாரன் ஒயர் போவதற்காக அந்த ஷாஃப்ட் உள்ளே துளையோடு இருக்கிறது. வெல்டு சூட்டில் பக்கத்து இரும்பின் பதம் கெட்டு, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். கொண்டை ஊசி வளைவில் அது விட்டுப்போனால் கையில் வெறும் வீல்தான் மிஞ்சும்.

அடுத்து, இந்த ஜீப்பில் ஷாஃப்ட் தனி, ஸ்டியரிங் கியர் பாக்ஸ் தனி என்று கிடையாது. இதிலுள்ள ராஸ் வகை பாக்ஸில் காமும் (திருகுப் பள்ளம் வெட்டிய உருளை) ஷாஃப்ட்டும் சேர்ந்தே இருக்கும். ஷாஃப்ட் மாற்றுவது என்றால் பாக்ஸைப் பிரிப்பதுதான். அதனால் வாங்கும் முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். எஞ்சின் அணைத்து, சக்கரம் தரையில் நேராக இருக்க, ஒருவர் வீலை மெதுவாக ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். வீல் அசைந்தும் டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை) அசையாவிட்டால் பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. டிராப் ஆர்ம் அசைந்தும் பெல் கிராங்க் (அசைவைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் கை) அசையாவிட்டால், இரண்டையும் இணைக்கும் தடியான டிராக் லிங்க்கின் பால் முனைகள் தேய்ந்திருக்கின்றன. பெல் கிராங்க்கே பின்னில் மேலும் கீழும் ஆடினால் அதன் பின்னும் பேரிங்கும். பல வண்டிகளில் பாக்ஸ்மேல் பழி போட்டுவிட்டு, குற்றவாளியான பெல் கிராங்க்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கோத்தகிரி ஜீப்
பார்த்துவிட்டேன். ஒரு அங்குலம் பாக்ஸில், மிச்சம் முழுக்கப் பெல் கிராங்க். பாக்ஸைத் திறந்தால் காம் பள்ளத்தின் நடுவில் பொரிந்து குழி விழுந்திருக்கிறது. சைடு ஸ்க்ரூவை முறுக்கினால் நடுவில் ஆட்டம் போகிறது, ஆனால் வளைவில் திருப்பினால் இறுகுகிறது.

ராஸ் பாக்ஸ்
அப்படியானால் காம் முடிந்தது. நேரே ஓடும் இடத்தில் ஸ்டட் (காம் பள்ளத்தில் ஓடும் முளை) நெருக்கமாக உட்கார வேண்டும் என்றுதான் அந்தப் பள்ளத்தை நடுவில் குறுக்கலாக வெட்டுகிறார்கள். அந்த இடம் தேய்ந்தபின் அங்கே ஆட்டம் போகும்வரை முறுக்கினால், தேயாத ஓரங்களில் ஸ்டட் பிடித்துக்கொள்ளும். வளைவிலிருந்து வீல் தானாகத் திரும்பாது. மலையில் இது ஆட்டத்தைவிட மோசம். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே விட்டுவிடுங்கள்.

பழைய செட் வாங்கும்போது லீவர் ஷாஃப்ட்டை (ஸ்டட் இருக்கும் தண்டு) கழற்றச் சொல்லுங்கள். காம் பள்ளத்தில் நகத்தை ஓட்டினால் நடுவில் படி தட்டக்கூடாது. ஸ்டட்டில் தட்டையான முகம் விழுந்திருந்தால் வேண்டாம். மேல்முனை ஸ்ப்ளைனில் (பல் வரிகளில்) உங்கள் வீலை அங்கேயே மாட்டிப் பாருங்கள். நீளத்தைப் பாக்ஸ் முகத்திலிருந்து ஷாஃப்ட் நுனிவரை அளந்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். பிறகு லேத்தில் இரு சென்டருக்கு நடுவே சுற்றி டயல் கேஜ் வைத்தால் வளைவு தெரிந்துவிடும். இணையத்தில் வருவதில் பெரும்பாலானவை அமெரிக்க இடப்பக்க வண்டிக்கானவை. காம் மரை சுற்றும் திசை மாறியிருந்தால் வீலை வலப்பக்கம் திருப்ப, வண்டி இடப்பக்கம் போகும்.

மாட்டும்போது டாஷ்போர்டு பிராக்கெட்டையும் சேஸிஸ் போல்ட்டுகளையும் தளர்த்தி, குழாயைத் தன் இயல்பில் உட்காரவிட்டு அப்புறம் முறுக்குங்கள். இழுத்துக் கட்டினால் ஷாஃப்ட் வளைந்தே சுற்றும். டிராக் லிங்க் கழற்றிய நிலையில் முதலில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துக் காம் பேரிங்கைச் சரிசெய்யுங்கள், பிறகு சைடு ஸ்க்ரூ. நடுவில் லேசாகப் பிடித்தால் போதும். உள்ளே 90 கியர் ஆயில்தான்; கிரீஸ் அடைத்தால் காம் ஒதுக்கிய இடத்துக்கு அது திரும்ப வராது, ஊட்டிக் குளிரில் சுத்தமாக வராது.

லேத் பட்டறை
மடங்கும் ஷாஃப்ட் பற்றி. யோசனை தவறில்லை. பழைய நேர் ஷாஃப்ட் முன்மோதலில் ஈட்டி மாதிரி நெஞ்சுக்கு வரும். அமெரிக்காவில் 1968 ஜனவரியிலிருந்து கார்களுக்கு இதற்காகவே விதி கொண்டுவந்தார்கள். ஆனால் உங்கள் ஜீப்பில் இதைச் செய்தால் பாக்ஸும் மாறும், சேஸிஸில் பிராக்கெட்டும் மாறும்.

செய்தே தீருவது என்றால் ஒவ்வொரு ஜாயின்ட்டும் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். 30 டிகிரியில் ஒற்றை ஜாயின்ட்டின் வேகம் ஒரே சுற்றில் 13 சதவீதம் குறைந்து, 15 சதவீதம் கூடும். இரண்டு ஜாயின்ட்டுக்கும் சம கோணம் வைத்து, நடு ஷாஃப்ட்டின் இரு கவைகளையும் (ஜாயின்ட் மாட்டும் பிளவு முனைகள்) ஒரே நேரில் மாட்டினால் இது கழிந்துவிடும். கவை 90 டிகிரி திரும்பியிருந்தால் சுற்றுக்கு இருமுறை வீல் இறுகி இளகும். மூன்று ஜாயின்ட் வந்தால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம்.

பழைய மடங்கும் ஷாஃப்ட்டில் உள்ளே பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். கையால் இழுத்துத் தள்ளும்போது நீளம் மாறினால் பின் உடைந்தது, வாங்காதீர்கள். வீலைச் சுத்தியால் தட்டிக் கழற்றினாலும் அந்தப் பின் உடையும். புல்லர்தான் போட வேண்டும்.

பழைய வண்டி
இன்னொன்றையும் யோசியுங்கள். 50 வயது தாண்டியதால் 2021 விதிப்படி விண்டேஜ் வண்டிகளுக்கான ‘விஏ’ எண் பதிவுக்கு வழி இருக்கிறது. அதற்குச் சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். பிராக்கெட் வெல்டு வைத்தால் கேள்வி வரும். ஆனால் அந்தப் பதிவில் வழக்கமான ஓட்டம் கூடாது. வாரம் இரண்டு தடவை இறங்கும் வண்டிக்கு அது சரிவராது.

கோத்தகிரி ஜீப்
பழைய முழு செட்டே வாங்குகிறேன், கூடவே பெல் கிராங்க் பின், பேரிங். குழாய்க்குப் புதிதாக வளைத்து வாங்கலாமா?

லேத் பட்டறை
தையல் இல்லாத குழாயில் செய்யலாம். உள்விட்டம் மேல் பேரிங்குக்குச் சரியாக இருக்கட்டும். உள்ளே துருத்தடுப்பு பெயின்ட் அடித்து, காய்ந்தபின் ஷாஃப்ட்டை இறக்குங்கள். ஓட்டும் முன் முன்பக்கம் ஜாக்கி வைத்து இரு ஓரமும் ஐந்தாறு தடவை திருப்பி, ஹாரன் ஒயர் முறுக்கிக்கொள்கிறதா என்றும், டயர் டிராக் லிங்க்கில் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டிராப் ஆர்ம் நட்டை நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை முறுக்குங்கள்.