கரியமில வாயுவை நம்ம நிலத்தடியில் புதைக்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

அணைக்கட்டு விவசாயி:
ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து பூமிக்குள் அடைக்கப் போகிறார்களாம். டீக்கடையில் இதே பேச்சு. எனக்கு ரெண்டு ஏக்கர் நிலக்கடலை, ஒரு கிணறு. குழாய் வந்தால் கிணறு என்ன ஆகும்?

காட்பாடி வக்கீல்:
அண்ணே, சேமிப்பு பற்றிக் கவலை வேண்டாம். சுமார் 800 மீட்டருக்குக் கீழே நுண்துளையுள்ள படிவுப்பாறை வேண்டும், நம்மூர் கெட்டிப்பாறை, அதற்கு ஆகாது. குழாய் விஷயம் வேறு. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டம் பெட்ரோலியத்துக்கும் கனிமங்களுக்கும்தான், இந்த வாயுவின் பெயரே அதில் இல்லை. அதே சட்டத்தை இதற்கும் பயன்படுத்தினால் நிலம் உங்களுடையதுதான், ஆனால் குழாய்ப் பாதையில் கிணறு வெட்டவோ மரம் நடவோ கூடாது. இழப்பீடு சேதத்துக்கும், அதோடு சந்தை மதிப்பில் 10 சதவீதமும். என்னைக் கேட்டால், ரொம்பக் குறைச்சல்.

ஆம்பூர் வாசகர்:
கசிந்தால் யார் பொறுப்பு? அமெரிக்காவில் சட்டார்ஷியாவில் 2020இல் குழாய் வெடித்து 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

காட்பாடி வக்கீல்:
ஐரோப்பாவில் 2009 விதிப்படி, சேமிப்பிடத்தை மூடிய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 வருஷம் நிறுவனமே பொறுப்பு. அப்புறம்தான் அரசு ஏற்கும். இங்கே அதை எழுதிவைக்காமல் குழாய்க்குச் சம்மதக் கையெழுத்து போட்டுவிடாதீங்க.