பெரியவீட்டு வாரிசுகள் (வாட்ஸ்அப் குழு)

நான்: எல்லாருக்கும் ஒரு நியூஸ். காலேஜ் ஸ்டடி டூர் முடிவாயிடுச்சு. ஸ்பெயின்! கோர்டோபா, செவில், கிரனாடா. மூரிஷ் கட்டடங்கள் (முன்னாடி அங்க ஆண்ட முஸ்லிம்கள், மூர்கள், பாணி), அந்த வெயிலுக்கு அதை எப்படிக் கட்டினாங்கங்கிறதுதான் பாடம். மே முதல் ரெண்டு வாரம். யார்கிட்டயாவது பெரிய டிராலி பெட்டி இருக்கா?

கோவை சித்தி: சூப்பர் தங்கம் 💐

சித்தப்பா: 💐

அத்தை: எங்கிட்ட இருக்கு. ஒரு சக்கரம் ஆடும்

பாபு அண்ணா: அது என் கல்யாணத்துக்கு வாங்கினது அத்தை

அத்தை: திருப்பிக் கேட்டியால நீ

பெரியம்மா: மே முதல் ரெண்டு வாரமா

பெரியம்மா: மீனா வளைகாப்பு 10ஆம் தேதி

பெரியம்மா: மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு

அம்மா: அக்கா, எனக்கே நேத்து ராத்திரிதான் சொன்னா

பெரியம்மா: பரவாயில்ல. படிப்புதான முக்கியம்.

பாபு அண்ணா: கடைசியில புள்ளி வச்சிருக்காங்க. கோவம்தான்

மீனா அக்கா: அம்மா சும்மா இரும்மா. அம்மு நீ போயிட்டு வா. அங்க விசிறி நல்லா இருக்குமாம், எனக்கு ஒண்ணு

பெரியப்பா: மே மாதம் எதற்கு? டிசம்பரில் போனால் குளுகுளுவென்று இருக்குமே.

நான்: குளிர்ல போனா பாடமே இல்ல பெரியப்பா. ஜூலைல செவில், கோர்டோபா ரெண்டும் 40 டிகிரி தாண்டிடும், நடக்க முடியாது. மே மாசம் வெயிலும் இருக்கும், ஆளும் தாங்கும். அதோட கோர்டோபால அப்பதான் முற்றத் திருவிழா. சொந்த வீட்டு முற்றத்துல பூந்தொட்டி மாட்டி, வர்றவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டுடுவாங்க. 2012ல யுனெஸ்கோவே பட்டியல்ல சேர்த்திருக்கு.

அத்தை: யாரு வேணா உள்ள வரலாமா? பாத்திரம் பண்டம்?

கோவை சித்தி: சாப்பாடு என்ன பண்ணுவ

நான்: கடைக்குக் கடை பன்னித் தொடை தொங்கும் சித்தி. ஆனா கஸ்பாச்சோன்னு ஒண்ணு இருக்கு, தக்காளி வெள்ளரிக்கா பூண்டு பச்சையா அரைச்சு ஜில்லுனு குடிக்கிறது. சுத்த சைவம். சால்மொரேஹோன்னு கெட்டியா ஒண்ணு தருவாங்க, அதுக்கு மேல முட்டையும் பன்னித் துண்டும் தூவுவாங்க. சொல்லித்தான் வாங்கணும்.

கோவை சித்தி: ஆறிப்போன ரசம்

அத்தை: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் நான் தாரேன். பெட்டியோடயே வாங்கிக்க

சித்தப்பா: (படம்: இனிய மாலை வணக்கம்)

பெரியப்பா: கிரனாடாவில் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனைக்குத் தண்ணீர் எப்படி மலைமேல் ஏறுகிறது என்று பார்த்து வா. மோட்டார் கிடையாது.

நான்: ஏத்தவே இல்ல பெரியப்பா! தாரோ ஆத்துல மேல போய், சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி மறிச்சு, மலையோட ஒட்டியே வாய்க்கால் கொண்டு வந்திருக்காங்க. 13ஆம் நூற்றாண்டு. தானா ஓடி வரும்.

பெரியப்பா: வாய்க்காலின் வாட்டம், அதாவது சரிவு, எவ்வளவு?

நான்: தெரியாது, கேட்டுட்டு வர்றேன்

பெரியப்பா: அதுதான் முக்கியம். மற்றதெல்லாம் பூவேலை.

நான்: பூவேலை மட்டும் இல்ல பெரியப்பா. அல்ஹம்ப்ரா உள்ள சிங்க முற்றத்துல 12 கல் சிங்கம், நடுவுல தொட்டி. அங்கிருந்து நாலு பக்கமும் தரையிலயே விரல் ஆழத்துக்கு ஓடை, பளிங்குல வெட்டினது, ரூமுக்குள்ள வரைக்கும் போகும். பக்கத்து ஹெனராலிஃபே தோட்டத்துல ஒரு படிக்கட்டு, அதுல கைப்பிடிச் சுவர் மேலயே தண்ணி ஓடும். இறங்கும்போது கையை நனைச்சுக்கிட்டே இறங்கலாம். அந்த ஊர்க் காத்து வறண்டது, தண்ணி சட்டுனு ஆவியாகி சூட்டை எடுத்துக்கும். சென்னைல இதையே கட்டினா புழுக்கமும் கொசுவும்தான் மிச்சம். எங்க ஊர்ல எல்லா ரிசார்ட்காரங்களும் இத காப்பி அடிக்கிறதுதான் எனக்கு எரிச்சல்.

பாபு அண்ணா: படிக்க டயர்டா இருக்கு. வாய்ஸ் போடு

அம்மா: வாய்ஸ் வேண்டாம், 8 நிமிஷம் பேசுவா

நான்: கடைசியா ஒண்ணே ஒண்ணு. சுவர் மண்ணும் சுண்ணாம்பும் சரளையும் கலந்து பலகைக்கு நடுவுல போட்டு இடிச்சது, அவ்வளவு கனம். பகல் சூடு உள்பக்கம் வந்து சேரவே ராத்திரி ஆயிடும். முற்றம் இன்னும் அழகு. ராத்திரி தரையும் சுவரும் தன் சூட்டை வானத்துக்கு விட்டுடும், குளிர்ந்த காத்து கனமா இருக்கும்ல, அது முற்றத்துல இறங்கித் தேங்கி நிக்கும். உச்சி வெயில் வர்ற வரைக்கும் சுத்தி இருக்கிற ரூமுக்கெல்லாம் அதுதான் ஏசி. மேல மூடிட்டா மொத்தமும் போச்சு.

அத்தை: மேல மூடிட்டா போச்சா

அத்தை: அண்ணன் படிச்சாங்களா

பாபு அண்ணா: போச்சுடா

பெரியப்பா: ஊர் வீட்டு முற்றத்தில் தகரம் போட்டது குரங்குத் தொல்லைக்காக. அனைவருக்கும் தெரியும்.

அத்தை: கம்பி வலை போட்டிருக்கலாம்

பெரியப்பா: வலைக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

அத்தை: அப்பா கடைசி கோடையில பட்டாசல் கூடத்துல வேர்வையோட உக்காந்திருந்தாங்க. நான்தான் விசிறினேன்

கோவை சித்தி: அக்கா விடுங்க

சித்தப்பா: 🙏

பெரியப்பா: நான் பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன்.

அத்தை: அதான் தெரியுதே

அம்மா: அம்மு, செவில்ல என்ன பாக்கணும்?

நான்: அல்காசர் அரண்மனை

பெரியப்பா: அதுவும் மூர்கள் கட்டியதுதான்.

நான்: கோட்டை அவங்களது பெரியப்பா. ஆனா உள்ள எல்லாரும் போட்டோ எடுக்கிற அரண்மனை 1364ல பெட்ரோங்கிற கிறிஸ்தவ ராஜா கட்டினது. கிறிஸ்தவங்க ஊரைப் பிடிச்சு அப்ப நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இருந்தும் அதே பாணிதான் வேணும்னு முஸ்லிம் கைவினைஞர்களை வச்சே கட்டினாரு.

மீனா அக்கா: ஜெயிச்சவனுக்கும் வெயில் அடிக்கும்ல

பாபு அண்ணா: 👏👏

பெரியம்மா: வளைகாப்ப 17க்கு மாத்தலாமான்னு ஜோசியர்கிட்ட கேக்கச் சொல்லியிருக்கேன்

பாபு அண்ணா: மண்டபம்?

பெரியம்மா: அத உங்க மாமா கேப்பாங்க

பெரியப்பா: நான் எதையும் கேட்பதாகச் சொல்லவில்லை.

அம்மா: பெட்டி யாரு எடுத்துட்டு வர்றது

அத்தை: பாபு வந்து எடுத்துக்கட்டும். அவனுதுதான

பாபு அண்ணா: 🤐

நான்: அப்பா, விசாவுக்கு உங்க பேங்க் ஸ்டேட்மென்ட் நாளைக்குள்ள வேணும். அல்ஹம்ப்ரா டிக்கெட்டும் பாஸ்போர்ட் நம்பர் போட்டுத்தான் தருவாங்க. உள் அரண்மனைக்குக் குறிச்ச நேரத்துல போகலைன்னா விடமாட்டாங்க, அதனால சார் எல்லார் பேரையும் இப்பவே கேக்குறாரு

அப்பா: ஸ்டேட்மென்ட் வந்திருக்கு. திறக்கல. பாஸ்வேர்டு கேக்குது

பாபு அண்ணா: பேர்ல முதல் 4 எழுத்து, அப்புறம் பிறந்த தேதி, மாசம். மாமா இங்க போட்டுடாதீங்க

அப்பா: எந்தப் பிறந்த தேதி. ஸ்கூல்ல குடுத்ததா, நிஜமானதா