ஆல்ஃபா மைனஸில் வருது, நாலு கேள்வியைத் தூக்கலாமா?

அலைவாய்:
எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு. ப்ளஸ் டூவில் வரலாறு குரூப், எண்ணைக் கண்டாலே தலை சுற்றும். ப்ராஜெக்டுக்காகக் குளச்சலில் மீன் விற்கும் 60 அக்காமாரிடம் கோஹனின் மன அழுத்த அளவுகோலைக் (10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4) கேட்டு எழுதி வந்தேன். ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்; 1ஐ நெருங்க நெருங்க ஒத்துப்போவது அதிகம்) -0.24. நாலு கேள்வியை எடுத்தால் 0.72 ஆகிறது. சீனியர் அக்கா "எடுத்துரு, யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார். எடுக்கலாமா?

வேளிமலை:
எந்த நாலு? 4, 5, 7, 8ஆ?

அலைவாய்:
ஆமா சார்! எப்படித் தெரியும்?

வேளிமலை:
அந்த நாலும் தலைகீழ்க் கேள்விகள். "எல்லாம் நினைத்தபடி நடந்ததா?" என்பதற்கு 4 போட்டவர் நிம்மதியாக இருக்கிறார். "பதற்றமாக இருந்ததா?" என்பதற்கு 4 போட்டவர் நேர் எதிர். திருப்பாமல் அப்படியே கூட்டிவிட்டீர்கள். 10 கேள்விக்கு 45 ஜோடி. ஒரே திசையில் போவது 15 + 6 = 21, எதிரெதிரே இழுப்பது 24. அதனால்தான் மைனஸ். எதையும் தூக்க வேண்டாம். அந்த நாலுக்கும் புதுப் பத்தி (நெடுவரிசை) போட்டு, மதிப்பெண்ணை 4இலிருந்து கழியுங்கள். பழைய பத்தியை அழித்துவிடாதீர்கள்; அப்புறம் திருப்பினோமா இல்லையா என்று குழம்பி இன்னொரு தரம் திருப்புவீர்கள்.

பரீட்சையில் இதையே ஐந்து மார்க் கேள்வியாகக் கேட்டால் அழகாக எழுதுகிற பிள்ளைகள்தான் இதில் வழுக்குகிறார்கள். பாதித் தப்பு எங்களைப் போன்ற வாத்தியார்களுடையது. மவுஸைத் தொடும் முன் ஐந்தாறு தாளையாவது கையால் கூட்ட வைத்திருக்க வேண்டும்.

அலைவாய்:
0.81! ரொம்ப நன்றி சார். நீங்கள் சொன்னபடி கையால் கூட்டியபோது ஒரு தாள் இடறியது. பத்துக்கும் 4. நினைவிருக்கிறது, அந்த அக்கா பாதியிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு "எல்லாத்துக்கும் அதையே போடு மக்களே, வள்ளம் வந்தாச்சு" என்று போய்விட்டார். திருப்பினால் 24 வருகிறது. தாளைக் கிழிச்சிரட்டா?

தோவாளைப்பூ:
ஐயோ, கிழிக்காதீங்க. அவரைச் சேர்த்து ஒரு தடவை, விட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. இரண்டு முடிவையும் எழுதி, வள்ளம் வந்த கதையையும் ஒரு வரி சேர்த்துருங்க.