பிரிக்பீல்ட்ஸா, செந்தூலா? வீடு பார்க்க உதவி தேவை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. அம்மாவோடு சேர்ந்து இருக்க கோலாலம்பூரில் மூன்று அறை கொண்டோ (அடுக்குமாடி வீடு) தேடுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் விலை கண்ணைக் கட்டுகிறது. ஆனால் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம், கோயிலுக்கு அம்மா நடந்தே போவார். செந்தூலில் அதே காசுக்குப் பெரிய வீடு கிடைக்கும்போல, எல்ஆர்டி, கொமுட்டர் ரயில் இரண்டும் உண்டு.

விளம்பரங்களை வைத்து ஒப்பிடத்தான் முடியவில்லை. ஒரு ஏஜெண்ட் பால்கனியோடு ஏசி வைக்கும் வெளித் திட்டையும் சேர்த்துச் சதுர அடி சொல்கிறார். இன்னொருவர், 99 ஆண்டு லீஸ்ஹோல்டில் (குத்தகை நிலம்) மீதி எத்தனை ஆண்டு என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுபார்ப்புக்கான சேமிப்பு நிதி) வேறு. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

கேட்கும் விலை வேண்டாம், உண்மையில் கைமாறிய விலையை அரசின் சொத்து மதிப்பீட்டுத் துறையான ஜேபிபிஎச்சில் எப்படி எடுப்பது? அப்புறம், செந்தூல்காரர்களே, சாயங்கால மழையில் ரோடு எப்படி?