பேர்னாட் ஃபிஷரின் கட்டுரைகளைப் பிரித்தெடுக்க வழி தேவை

வணக்கம். கிளிநொச்சிக் கிராமங்களுக்காக மார்பகப் புற்றுநோய் பற்றித் தமிழில் ஒரு கைந்நூல் எழுதுகிறேன்; ஒக்டோபருக்கு முன் அச்சுக்குப் போகவேண்டும். “கட்டியை மட்டும் வெட்டினால் மிச்சம் பரவாதோ?” என்று அம்மாமார் கேட்பதற்கு ஆதாரத்தோடு மறுமொழி சொல்வதற்காக, பிற்ஸ்பேர்க் அறுவைச் சிகிச்சை நிபுணர் பேர்னாட் ஃபிஷரின் (1918–2019) கட்டுரைகளை ஆண்டு வரிசையில் தொகுக்கத் தொடங்கினேன்.

1976இல் அவர் தலைமையில் ஆரம்பித்த, மார்பக அறுவை முறைகளை ஒப்பிட்ட பி-06 (B-06) என்ற ஆய்வின் 20 ஆண்டு முடிவு (2002) கையில் இருக்கிறது. மார்பை முழுதாக அகற்றியவர்களுக்கும் கட்டியை மட்டும் அகற்றியவர்களுக்கும் உயிர்வாழ்வில் வேறுபாடு தெரியவில்லை. கட்டியை மட்டும் அகற்றியவர்களுள் அதே மார்பில் நோய் மீண்டது, கதிர்ச்சிகிச்சை இன்றி 39.2 சதவீதம், அதனுடன் 14.3 சதவீதம். என் வாசகருக்கு இந்தக் கதிர்ச்சிகிச்சை விடயமே முக்கியம்.

சிக்கல் மற்றக் கட்டுரைகளில்தான். பப்மெட் (PubMed) என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் குடும்பப் பெயரையும் முதலெழுத்தையும் இட்டால் வேறு ஃபிஷர்களும் கலந்து வருகிறார்கள். மார்பகப் புற்றுநோய் என்ற சொல்லைச் சேர்த்தால், சகோதரர் எட்வினுடன் எலிகளின் ஈரலில் புற்றுப் பரவலை ஆராய்ந்த ஆரம்பகாலக் கட்டுரைகள் விடுபடுகின்றன. எட்வினின் பெயரைச் சேர்த்தால் கூட்டாக எழுதியவை மட்டுமே கிடைக்கின்றன. கூகுள் ஸ்கொலரில் ஒரே கட்டுரை பலமுறை வருகிறது. கைபேசி இணைப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதும் இங்கே இலகுவல்ல.

இவருடைய கட்டுரைகளை மட்டும், ஆரம்பகால ஆய்வுகளும் விடுபடாமல், பப்மெட்டில் பிரித்தெடுக்க எந்தத் தேடல் தொடரை இடவேண்டும்?