பொருள்: வைரசு படியெடுக்கப்படும் இடத்துக்கான சொல் – ‘பகர்ப்புக்களம்’, ‘பகர்ப்பறை’

அன்புடையீர்,

விருந்துவழங்கிக் கலத்தினுள் (வைரசு தொற்றிய உயிர்க்கலத்தினுள்) வைரசின் மரபுப்பொருள் படியெடுக்கப்படும் இடத்துக்கு ‘வைரசுத் தொழிற்சாலை’ என்னும் பெயரை நண்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். கேட்டவுடன் விளங்கும் சொல்தான். ஆயினும் அதைப் பொதுப்பெயராக ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சாலை என்றால் முடிந்த பண்டம் அங்கிருந்து வெளிவர வேண்டும். பெரியம்மை வைரசின் குடும்பத்தில் அது பொருந்துகிறது. அவற்றின் டிஎன்ஏ குழியவுருவிலேயே (கலத்தில் கருவுக்கு வெளியே உள்ள பகுதியிலேயே) படியெடுக்கப்பட்டு, புதிய வைரசுத் துணிக்கைகளும் அங்கேயே உருப்பெறத் தொடங்குகின்றன. கொரோனா வைரசிலோ ஆர்என்ஏ ஓரிடத்தில் படியெடுக்கப்பட, துணிக்கைகள் கட்டப்படுவது கலத்தின் உள்ளுறுப்புகளான அகமுதலுருச் சிறுவலைக்கும் கொல்கி உபகரணத்துக்கும் இடைப்பட்ட வேறொரு மென்சவ்வுப் பகுதியில். அவ்வாறிருக்க முதலாவது இடத்தை மட்டும் தொழிற்சாலை என்பது மாணவரைத் தவறான படத்துக்கு இட்டுச்செல்லும்.

‘பெருக்க அறை’ என்ற மாற்று யோசனையும் வந்தது. பெருக்கம் என்பது தொற்று முதல் வெளியேற்றம் வரையிலான முழுச் சுற்றையும் தழுவும் சொல்லாதலால் அதுவும் இங்கு அகலமாகிவிடுகிறது. நமக்கு வேண்டியது படியெடுத்தலை மட்டும் சுட்டும் சொல். பிரதி என்னும் பொருளில் ‘பகர்ப்பு’ நம்மிடம் ஏற்கெனவே புழங்குகிறது. கொழும்பில் உறுதிப்படுத்திய பகர்ப்பு இணைக்காமல் எந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிட முடியாது. தமிழகத்து வாசகருக்குப் பகர்தல் என்றால் பேசுதல் என்றுதான் தோன்றும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் ‘பகர்த்து எழுதுதல்’ நம்மிடையே வழங்கும் தொடர். ஒரு வரி விளக்கத்தில் தீரும் சிக்கலுக்காக அதைக் கைவிடத் தேவையில்லை.

அடுத்து, ‘அறை’. இங்கே பொருளின் அமைப்பே நமக்கு உதவுகிறது. 2017இல் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர், அவர்களுள் கொழும்பு மாவட்டத்தவரே அதிகம் என்பதால், உதாரணத்தை டெங்கிலிருந்தே எடுக்கிறேன். டெங்கு வைரசு அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வை உள்நோக்கிக் குழியச் செய்து, ஏறத்தாழ 90 நனோமீற்றர் விட்டமுள்ள புடகங்களை (நுண்பைகளை) அமைக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 11 நனோமீற்றர் அகலமான ஒடுங்கிய கழுத்தால் குழியவுருவுடன் தொடர்புற்றிருக்கிறது. மூலக்கூறுகள் அவ்வழியே உட்சென்று, புதிய ஆர்என்ஏ அவ்வழியே வெளிவருகிறது என்று கருதப்படுகிறது. படியெடுத்தலின்போது தோன்றும் ஈரிழை ஆர்என்ஏ கலத்தின் காவற்புரதங்களான ரிக்-ஐ, எம்டிஏ5 ஆகியவற்றுக்கு அபாய அறிகுறியாகும். சுவருக்குள் இருப்பதால் அது அவற்றின் பார்வையிலிருந்து பெருமளவு மறைகிறது. தேவையான புரதங்கள் குறுகிய இடத்தில் செறிவது இன்னொரு பயன்.

கொரோனா வைரசின் அறை வேறு விதமானது. என்எஸ்பி3, என்எஸ்பி4 ஆகிய வைரசுப் புரதங்கள் முதன்மைப் பங்கேற்க, அதே சிறுவலையின் மென்சவ்விலிருந்து இரட்டைச் சுவருள்ள புடகங்கள் உருவாகின்றன. விட்டம் பொதுவாக 200 முதல் 300 நனோமீற்றர். நெடுங்காலமாக இவை முற்றாக மூடியவைபோலவே தோன்றியதால், உள்ளே உருவாகும் ஆர்என்ஏ எப்படி வெளியேறுகிறது என்பது புதிராக இருந்தது. 2020இல், எலிகளைத் தொற்றும் ஒரு கொரோனா வைரசில், இரு மென்சவ்வுகளையும் ஊடறுத்து நிற்கும் ஆறுமடிச் சமச்சீருள்ள துளையமைப்பொன்று குளிர்நிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் காணப்பட்டது. ஆகவே ‘பகர்ப்பறை’ என்பது சுவரும் வாயிலும் உள்ள அமைப்பு என்று வரையறுப்பதில் தடை இல்லை.

சிக்கல் விசர்நாய்க்கடி நோயில் வருகிறது. 1903இல் நெக்ரி என்ற இத்தாலியர் நரம்புக் கலங்களில் விவரித்த ‘நெக்ரி உடலங்கள்’ எனப்படும் சிறு திரள்களில் அந்நோயின் வைரசு தன் ஆர்என்ஏயைப் படியெடுக்கிறது. அவை திரவத்தின் இயல்புடையவை, புரதங்கள் துளிகளாகப் பிரிந்து திரள்வதால் தோன்றுபவை என்பது 2017இல் காட்டப்பட்டது. மென்சவ்வுச் சுவர் அங்கே இல்லை. அதை அறை என்பது பொருந்தாது. கலத்தின் கருவுக்குள் ஹேர்ப்பீஸ் வைரசுகள் அமைக்கும் பகுதிகளுக்கும் மென்சவ்வு கிடையாது.

எனவே இரு சொற்களை முன்மொழிகிறேன். எல்லா வகைக்கும் பொதுவாகப் ‘பகர்ப்புக்களம்’. அவற்றுள் சுவருள்ளதற்கு மட்டும் ‘பகர்ப்பறை’. சுவர் மென்சவ்வாகத்தான் இருக்கவேண்டும் என்று வரையறையில் எழுதவேண்டாம். பற்றீரியாவைத் தொற்றும் சில பெரும் வைரசுகள் தம் டிஎன்ஏயைச் சுற்றிப் புரதத்தாலேயே கருப்போன்ற கூடொன்றை எழுப்புகின்றன. அதற்கும் பகர்ப்பறையில் இடம் இருக்கட்டும். ‘பகர்ப்புப் புன்னங்கம்’ என்பதை நான் விலக்குவதற்குக் காரணம், பாடநூலில் புன்னங்கம் என்பது கலத்தின் சொந்த உறுப்பைக் குறிக்கிறது; இவை தொற்றின் பின் வைரசின் தூண்டுதலால் எழுபவை.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தமது சொல்லை டெங்குப் புடகம், நெக்ரி உடலம் இரண்டையும் விளக்கும் ஒவ்வொரு வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்பினால் ஒப்பிடுவது எளிதாக இருக்கும்.